பேக்கப்புக்கு எந்த டிரைவ் வாங்கலாம்?

முதலில் கணினியில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். அதைப் போல் இரண்டு மடங்கு கொள்ளளவு வாங்குங்கள்; பழைய பதிப்புகளும் அதில் தங்க வேண்டும். 400 ஜிபி இருந்தால் 1 டிபி போதும். விண்டோஸ் அதை 931 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் 1000-ஆல் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்; டிரைவில் குறை இல்லை.

வீட்டுக்கு ஏற்றது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். 2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரம் கிடைத்துவிடும், 3.5 அங்குலத்துக்குத் தனி அடாப்டர் வேண்டும். சிறிய டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் வகை, அதாவது தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி நெருக்கி எழுதுபவை. தொடர்ந்து எழுதினால் நடுவில் வேகம் சட்டென்று விழும். பழுது என்று பதறிக் கேபிளைப் பிடுங்காதீர்கள். முதல் பேக்கப்பை இரவில் ஓடவிடுங்கள். டிஸ்க்கைப் படுக்கவைத்தே பயன்படுத்துங்கள். சுழலும்போது சாய்ந்து விழுந்தால் படித்து எழுதும் ஹெட் தட்டில் உரசி, டேட்டா போய்விடும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி கீழே விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் அலமாரியில் போட்டு மறந்துவிட ஏற்றதல்ல. டேட்டாவைத் தாங்கும் நுண்ணிய செல்களில் இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். எழுதும் ஆயுளை முடித்த எஸ்எஸ்டி, மின் இணைப்பு இல்லாமல் 30 டிகிரியில் 1 வருடம் டேட்டாவைக் காத்தால் போதும் என்பதுதான் சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக் வைத்த அளவு. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், அடிக்கடி செருகிப் பயன்படுத்தும் பேக்கப்புக்கே அதை வையுங்கள்.

பென் டிரைவை நம்பவே நம்பாதீர்கள். 2 டிபி என்று அச்சிட்டு உள்ளே 32 ஜிபி மட்டும் வைத்த போலிகள் நிறைய. காப்பி முடிந்ததாகவே காட்டும்; திறந்தால் கோப்பு இருக்காது. எந்த டிரைவ் வாங்கினாலும், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற சோதனை நிரல்களைக் கொண்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதித்த பிறகே டேட்டாவை ஏற்றுங்கள்.

கிளவுட் நல்லதுதான், பொறுமை வேண்டும். 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 400 ஜிபி ஏற 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணினியிலும் கிளவுடிலும் கோப்புகளை ஒன்றுபோல் வைக்கும் வெறும் சிங்க் சேவை பேக்கப் ஆகாது: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

டிஸ்க்கை விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவது என்றால் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு அமைப்பில் ஜர்னல், அதாவது மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு, கிடையாது; எழுதும்போது இணைப்பு அறுந்தால் சேதம் பெரிதாகும். இரண்டு டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் எஜெக்ட் செய்து கழற்றிவிடுங்கள். செருகியே கிடக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் 05 (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (பழுதாகலாம் என்று சந்தேகிக்கும் இடங்கள்) இரண்டு வரிகளையும் பாருங்கள். அவற்றின் ரா மதிப்பு, அதாவது நேரடி எண்ணிக்கை, பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் அன்றே மாற்று டிஸ்க் வாங்குங்கள். கூடவே நாலைந்து கோப்புகளை வேறு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்; டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து பூட்டியிருந்தால், அதைத் திறக்க உதவும் ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதித் தனியாக வையுங்கள்.