பழைய எலெக்ட்ரிக் கிடார் வாங்கும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்குங்கள்

பழைய கிடார் வாங்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "சவுண்டு எப்படி?" என்றுதான். சவுண்டு பிடித்திருந்தால் நல்லது. ஆனால் விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு இதில் எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்கள்? கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

படி 1: எதைத் தேடுகிறீர்கள்?

பழையது எல்லாம் அரியது ஆகிவிடாது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்டிராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. 1965 ஜனவரியில் அந்த நிறுவனத்தை அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கியது. அதற்கு முந்தைய கிடார்களைச் சேகரிப்பாளர்கள் தனி வரிசையில் வைக்கிறார்கள். 1970களின் ஸ்டிராட்டுகளுக்கும் வயதாகிவிட்டது, ஆனால் அவை ஏராளமாகத் தயாரானவை. இன்னொரு பெரிய நிறுவனமான கிப்சன் பக்கம் போனால், 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி, ஓரங்களில் கருக்கும் வண்ணம்) லெஸ் பால்தான் உச்சம். 1958இல் அறிமுகமான ஃப்ளையிங் வி, முதல் இரண்டு ஆண்டுகளில் நூறுகூட விற்பனைக்குப் போகவில்லை. அன்று சீந்துவாரில்லை, இன்று தேடி அலைகிறார்கள்.

முதல் தடவையே இவற்றின் மேல் கை வைக்காதீர்கள். ஃபெண்டர் மஸ்டாங், கிப்சன் மெலடி மேக்கர் போன்றவை கற்றுக்கொள்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை; அதே காலம், அதே தொழிற்சாலை, விலை மட்டும் குறைவு. தவறு செய்து பழக இவை போதும்.

படி 2: வரிசை எண்ணோடு நிறுத்தாதீர்கள்

வரிசை எண்ணைப் பார்த்ததும் ஆண்டு தெரிந்துவிடும் என்று நினைப்போம். 1960களில் கிப்சன் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் மறுபடியும் அடித்தது. அந்தக் கால ஃபெண்டரில் எண் இருப்பது நெக் (கழுத்து) உடலோடு சேரும் இடத்தின் பின்னால் உள்ள உலோகத் தகட்டில். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு வேறு கிடாருக்குப் போய்விடும். எண்ணை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு அப்புறம்.

படி 3: திறந்து பாருங்கள்

இதுதான் முக்கியம். விற்பவரிடம் கேட்டுவிட்டு, முடிந்தால் அவரையே கழற்றச் சொல்லுங்கள். "திறக்க வேண்டாம், எல்லாம் ஒரிஜினல்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஃபெண்டரில் நெக்கைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் பென்சிலாலோ முத்திரையாலோ தேதி இருக்கலாம். அது நெக் செய்த தேதி. கிடார் முழுமையானது அதற்குப் பிறகு. கிப்சன் லெஸ் பாலில் நெக் ஒட்டப்பட்டது, அதைத் தொடவே கூடாது.

அடுத்து வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட் (திருகினால் மின்தடை மாறும் சிறு பாகம்). அதன் முதுகில் 3046320 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனம், 63 என்பது 1963, 20 என்பது அந்த ஆண்டின் 20ஆம் வாரம். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் நிறுவனம். கிடார் இந்தத் தேதிக்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதை மட்டும்தான் இது சொல்கிறது. 1966இல் மொத்தமாக வாங்கிய பாட்களை ஃபெண்டர் அடுத்த சில ஆண்டுகளும் பொருத்தியது. 1962 கிடார் என்று விற்பவர் சொல்லி, பாட் மேல் 1966 இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது கதையே வேறு.

பிறகு சாலிடர். பழைய சாலிடர் மங்கிப்போய், தூசி படிந்து இருக்கும். ஓர் இணைப்பு மட்டும் பளபளத்தால் அங்கே கை பட்டிருக்கிறது. 1957 முதல் சுமார் 1962 வரை வந்த கிப்சன் ஹம்பக்கர் பிக்கப்புகளின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகங்களின்) அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்ற ஆங்கில ஸ்டிக்கர் இருக்கும். அந்த ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளால் பி.ஏ.எஃப் என்று புகழ்பெற்றவை இவைதான். காப்புரிமை 1959இலேயே கிடைத்த பிறகும் இதையே ஒட்டினார்கள் என்பது வேடிக்கை. இந்த ஸ்டிக்கரையே போலியாக அச்சடித்து விற்கிறார்கள், ஜாக்கிரதை. மல்டிமீட்டரில் சுமார் 7 முதல் 9 கிலோ ஓம் காட்டினால் பிக்கப் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அசல் என்பதற்கு அது சான்றாகாது.

படி 4: பெயிண்டும் உடைந்த தலையும்

அந்தக் கால நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பூச்சு வயதாக ஆக மஞ்சளாகி, மெல்லிய கோடுகளாக வெடிக்கும். இருட்டறையில் புறஊதா விளக்கைப் பிடித்தால் பழைய லாக்கர் பச்சை கலந்த மஞ்சளில் ஒளிரும். பிற்பாடு பூசிய இடம் திட்டாகத் தனித்துத் தெரியும். மறுபடி முழுதாக பெயிண்ட் அடித்த கிடாருக்கு, பொதுவாகப் பாதி விலைதான் பேச வேண்டும்.

கிப்சனின் ஹெட்ஸ்டாக் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) பின்னால் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் கழுத்தில்தான் முறியும். நட்டுக்கு (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) பின்புறம் விளக்கைப் பிடித்து, விரலால் தடவிப் பாருங்கள். வாசிப்பதற்கு மட்டும் வேண்டும் என்றால் நன்றாக ஒட்டிய கிடாரைக் குறைந்த விலைக்கு வாங்குவதில் தப்பே இல்லை, எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது.

படி 5: பணம்

அனுப்பி வைக்கும் வியாபாரம் என்றால், கைக்கு வந்து 48 மணி நேரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

படி 6: விற்கும்போது துடைக்காதீர்கள்

ஒருமுறை விற்பதற்கு முன் பிரிட்ஜ் முழுவதையும் தேய்த்துப் புதிதாக்கினேன். பார்க்க வந்தவர் முதலில் கேட்டது, "இதை எப்போது மாற்றினீர்கள்?" தூசியைத் தட்டுங்கள், அது போதும். எப்போதோ கழற்றிய அசல் பாகம், பழைய ரசீது, கேஸ் சாவி, எதையும் தூக்கிப் போடாதீர்கள். மாற்றியவற்றை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். திறந்து பார்த்ததும் தெரியத்தானே போகிறது?

விலை வைக்க, விளம்பரங்களில் கேட்கும் தொகையைப் பார்க்காமல் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். கடையில் கமிஷனுக்கு விட்டால் கையில் வருவது குறையும், தொல்லையும் குறையும்.

நாடு கடந்து விற்பவர்கள் ஃபிரெட்போர்டு (நெக்கில் விரல் வைக்கும் பலகை) என்ன மரம் என்று கவனிக்க வேண்டும். பிரேசிலிய ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிச் சான்று இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் கிடார் பறிமுதலாகலாம்.

படி 7: பேக்கிங்

கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஹெட்ஸ்டாக்குக்குக் கீழும் பக்கங்களிலும் ஆடாதபடி துணி வையுங்கள். கேஸ் ஒரு பெட்டிக்குள், அந்தப் பெட்டி இன்னொன்றுக்குள். முழு விலைக்கும் காப்பீடு. குளிரில் பயணம் செய்த பெட்டியை உடனே திறந்தால் லாக்கர் வெடிக்கும். வாங்குகிறவரிடம் 24 மணி நேரம் மூடியே வைக்கச் சொல்லுங்கள், பெட்டியின் மேலும் பெரிதாக எழுதிவிடுங்கள்.