பழைய நூல்களைத் தேடி ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போனால் கோயில், கல்யாணம், ஜவுளிக்கடை என்று மூன்று வாரம் ஓடிவிடும். அதில் இரண்டு மூன்று நாளைப் பழைய நூல்களுக்கும் அவற்றைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கும் ஒதுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயில்போல நடை திறந்திருக்கும் நேரம் பார்த்துப் போய் நின்றால் போதாது. அரிய நூல் வெளித்தட்டில் இருக்காது. பெயரும் பதிப்பாண்டும் எழுதிக் கொடுத்தால் உள்ளே போய் எடுத்து வருவார்கள். ஆகவே பாதி வேலை விமானம் ஏறும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல் என்றால் நூலகம் நிறுவனத்தின் தளத்திலும் முதலில் தேடுங்கள். உங்களுக்கு வேண்டியது படிக்க மட்டும்தான் என்றால் வீட்டிலேயே காரியம் முடிந்துவிடலாம். அந்தத் தாளையே பார்க்க வேண்டும் என்றால் மட்டும் நூலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள்: யார் நீங்கள், எந்த நூல், எந்தத் தேதி. ஒருமுறை நான் இதைச் செய்யாமல் நானூறு கிலோமீட்டர் பேருந்தில் போய், ஒரு பூட்டுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். அன்று உள்ளூர் விடுமுறையாம்.

சென்னையில் பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே. சாமிநாதையர் நூல் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சா.விடம் 1880இல், அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், ‘சிந்தாமணி படித்ததுண்டா?’ என்ற மாதிரி கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பம். ஏழாண்டு உழைப்பில் சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இந்த ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொண்டு போனால் எந்தப் பதிப்பு கேட்பது என்று திணற வேண்டியதில்லை. முடிந்தால் ஓர் ஏட்டுச்சுவடியையும் பாருங்கள். வரிக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லாமல், மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்காமல் எழுதியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு பாட்டைப் பிரித்தெடுப்பது என்ன பாடு என்பது அப்போதுதான் உறைக்கும்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒருவர் தேடித் தேடிச் சேர்த்தது. நூல், இதழ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். திருமண அழைப்பிதழைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. 1992இல் அவர் மறைந்த பிறகு சிக்காகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்ததுதான் நமக்கு அதிர்ஷ்டம். எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடத்தையும் அனுமதி கிடைத்தால் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் ஒரு மாலை உட்கார்ந்து பழைய எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டியிருக்கும். 1978இல் தமிழக அரசு மாற்றிய பிறகு வந்ததுதான் நாம் இப்போது எழுதும் வடிவம். ஆண்டுதான் இன்னொரு தொல்லை. சில நூல்களில் ‘சர்வஜித்து வருஷம்’ என்று மட்டும் போட்டிருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால் அது 1827, 1887, 1947 எதுவாகவும் இருக்கலாம். நான் வைத்திருக்கும் கணக்கு தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876. அங்கிருந்து விரல்விட்டு எண்ணினால் பதினொன்றாவது சர்வஜித்து.

தஞ்சையில் அரண்மனைக்குள்ளே சரசுவதி மகால். இரண்டாம் சரபோஜி மன்னர் பெருக்கிய நூலகம் இது. பொதுமக்கள் பார்க்க அருங்காட்சியகப் பகுதி உண்டு. சுவடியைக் கையில் வாங்கிப் பார்க்கத் தனி அனுமதி வேண்டும். அங்கே அவர்களே பதிப்பித்து விற்கும் நூல்களை வாங்கிக்கொள்ளுங்கள், வேறு கடைகளில் எளிதில் கிடைக்காது. அப்புறம் கார் பிடித்துக் கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி. வழியில் பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரம், உ.வே.சா. பிறந்த ஊர், நினைவு இல்லம் இருக்கிறது. தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை, தாளைத் தின்றன. அதனால் சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அவர் கல்லறையும் இருக்கிறது.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மட்டும் ஊருக்கு டிக்கெட் போட வேண்டாம். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கம், இன்று இருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில்.

பாரதி அன்பர்களுக்குத் திருவல்லிக்கேணி, புதுச்சேரி, எட்டயபுரம் மூன்றிலும் வீடுகள் இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் புதுச்சேரிக்குப் போங்கள். 1908 முதல் பத்தாண்டு அவர் இருந்த ஊர்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் பொது நூலகத்துக்குப் போகாமல் வரமாட்டீர்கள். 1981இல் அங்கே எரிந்தவை சுமார் 97,000 நூல்கள். மறுபடி கட்டிய வெள்ளைக் கட்டடத்துக்குள் அவற்றைத் தேட முடியாது. நல்லூரில் ஆறுமுக நாவலர் மணிமண்டபத்தையும் பாருங்கள். உ.வே.சா.வுக்கு முன்பே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர் என்பதைத் தமிழகத்துச் சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

எங்கே போனாலும் கடவுச்சீட்டு நகலும் ஒரு பென்சிலும் கையில் இருக்கட்டும். பேனா கூடாது. கைபேசியில் படம் எடுக்கும் முன் கேளுங்கள். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தை அன்றைக்காவது விடுங்கள்.

பழைய புத்தகக் கடைகளில் வாங்குவது பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டு கடந்த, மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளைத் தனிப்பட்டவர் நாட்டைவிட்டு எடுத்துப் போக முடியாது. ஓலைச்சுவடி அழகாக இருக்கிறதே என்று பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

அது உங்கள் சொந்த வீட்டுப் பரணில் கிடந்த சுவடியானாலும் அப்படித்தான். அப்படி ஒன்று கிடைத்தால் எண்ணெய் தடவாதீர்கள், வெயிலில் போடாதீர்கள். கயிறு இற்றுப்போயிருந்தால் புதுக்கயிறு கோக்கவும் முயலாதீர்கள். ஓலை வரிசை ஒருமுறை கலைந்தால் சேர்ப்பது கஷ்டம். இருக்கிறபடியே ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மேலே சொன்ன நூலகங்களில் ஒன்றைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, ஊர் திரும்பும் முன் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.