நிழலையும் கடிகாரத்தையும் கொண்டு இருக்கும் இடத்தைக் கணக்கிடுவது எப்படி?

உச்சிவேளை நிழலின் நீளம், நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும். அந்த உச்சிவேளை கடிகாரப்படி எத்தனை மணிக்கு வருகிறது என்பது, எவ்வளவு கிழக்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும். ஒரு மீட்டர் குச்சி, சாக்பீஸ், நூல், அளவுநாடா, சரியான நேரம் காட்டும் கடிகாரம் போதும். கைபேசியிலும் நேரம் பார்க்கலாம். அதில் வரைபடத்தைத் திறந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

முதல் முறை செய்பவர்களுக்கு டிசம்பர் 25 நல்ல நாள். சூரியன் கடிகாரத்துக்கு ஒத்து நடப்பதில்லை: பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி மட்டும் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. இவற்றுள் ஏப்ரலிலும் செப்டம்பரிலும் தென்தமிழகத்தில் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு மேல் நிற்பதால் அளக்க நிழலே தேறாது. டிசம்பரில் நிழல் நீளமாக விழும்.

மொட்டை மாடியில் ரசமட்டம் வைத்துத் தரை சமமாக இருப்பதையும், தூக்குக்குண்டு கட்டிக் குச்சி நேராக நிற்பதையும் உறுதி செய்யுங்கள். இதில் சோம்பினால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

காலை பதினொரு மணிக்குச் சற்று முன் நிழலின் நுனியைக் குறித்து, நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். குச்சியின் அடியை மையமாக வைத்து, அந்த நுனி வழியாக நூலால் ஒரு வட்டம் போடுங்கள். பிற்பகலில் நுனி மறுபடி அந்த வட்டத்தைத் தொடும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுநேரமே உங்கள் உச்சிவேளை. மிகக் குட்டையான நிழலுக்காகக் காத்திருந்து நேரம் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நண்பகலை ஒட்டிப் பல நிமிடங்களுக்கு நிழலின் நீளம் மாறுவதே தெரியாது. நீளத்தை அளப்பதற்கு அது வசதி, நேரம் குறிப்பதற்கு உதவாது. இடையில் மிகக் குட்டையான நிழலை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 25 அன்று மதுரையில் செய்வதாகக் கொள்வோம். நுனி வட்டத்தைத் தொட்ட நேரங்கள் காலை 10:50, பிற்பகல் 1:45 என்றால் நடுநேரம் 12:17:30. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. சூரியன் ஒரு டிகிரி கடக்க 4 நிமிடம் ஆகும். பதினேழரை நிமிடத் தாமதம் என்றால் சுமார் 4.4 டிகிரி மேற்கே, ஆக, 78.1 டிகிரி கிழக்கு.

அடுத்து அட்சரேகை. குட்டையான நிழல் 65.7 செ.மீ. தாளில் குச்சியைப் 10 செ.மீ. கோடாகவும் நிழலை 6.57 செ.மீ. கோடாகவும் செங்கோணத்தில் வரைந்து, குச்சி உச்சியிலுள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் சுமார் 33.3 டிகிரி. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு 23.4 டிகிரி தெற்கே இருக்கும். கழித்தால் 9.9 டிகிரி வடக்கு.

நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் கிழக்கு மேற்கில் 27 கிலோமீட்டர் தள்ளிப்போகும். நிழலில் ஒரு செ.மீ. பிசகினால் வடக்கு தெற்கில் சுமார் 45 கிலோமீட்டர். நிழல் நுனி மங்கலாக இருந்தால், குச்சி உச்சியில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டித் தரையில் விழும் ஒளிப்பொட்டின் நடுவைக் குறியுங்கள். அப்போது குச்சியின் உயரத்தைத் துளை வரை அளக்க வேண்டும்.

ஜூன் 13-இல் செய்தால் மதுரையில் நிழல் தெற்கே விழும். அப்போது சூரியன் 23.2 டிகிரி வடக்கே இருப்பதால், அதிலிருந்து அளந்த கோணத்தைக் கழிக்க வேண்டும்.