பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவது எப்படி?

பொலேரோ பிக்கப், டி-மேக்ஸ் மாதிரி வண்டி வைத்திருந்தால், பின் பிரேக் லைனிங் பார்க்க, கிரவுன் ஆயில் (பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரங்களுக்கான எண்ணெய்) மாற்ற, பட்டையின் (பின் பாரத்தைத் தாங்கும் வில் தகடுகளின்) யு போல்ட்டை இறுக்க என்று என்றைக்காவது வண்டிக்கு அடியில் போகத்தான் வேண்டிவரும். காலி வண்டியே ஒன்றரை டன்னுக்கு மேல். அதனால் முதல் முறை செய்பவர்கள் அவசரமில்லாத ஒரு நாளில், கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள். முன்பக்க அமைப்பு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் இங்கே பின்பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்

ட்ராலி ஜாக்கி ஒன்று, ஒரே அளவில் ஜாக்கி ஸ்டாண்டு (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) இரண்டு, சக்கரத்துக்கு வைக்கும் கட்டை நான்கு, வீல் ஸ்பேனர். ஜாக்கி 3 டன்னாக இருந்தால் நல்லது. 2 டன் என்று விற்கும் சின்ன ஜாக்கிகள் பல, 35 செ.மீ. உயரத்தோடு நின்றுவிடும், பிக்கப்புக்கு அது பத்தாது. உயரம் பத்தவில்லை என்று ஜாக்கியின் தலைமேல் மரத்துண்டுகளை அடுக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சரிந்துவிடும். ஸ்டாண்டு வாங்கும்போது, மேலே எழுதியிருக்கும் டன் ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல், ஹாலோ பிளாக் வைப்பது நம் ஊரில் சகஜம். ஹாலோ பிளாக் சுவரில் வரிசையாக நின்று பரவலான பாரத்தைத் தாங்கும். ஒரே இடத்தில் இரும்பு அழுத்தினால், விரிசல்கூடக் காட்டாமல் திடீரென்று நொறுங்கும்.

தரையும் கட்டையும்

சமமான காங்கிரீட் தரைதான் வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டின் கால் புதையும். வெயில் காலத்தில் தார் தரையும் அப்படித்தான். வேறு இடமே இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் அகலமான, கனமான பிளைவுட் போடுங்கள். வண்டியில் லோடு இருந்தால் முதலில் இறக்கிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பின்பக்கம் மேலே போனதும் வண்டியை எது பிடித்துக்கொண்டிருக்கிறது? ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. கியரில் போட்டு நிறுத்தினாலும், அந்தப் பிடி ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும் சுழல் தண்டு) வழியாகப் பின் சக்கரங்களுக்குத்தான் போகிறது. அவை தரையை விட்டுக் கிளம்பிய நொடியிலிருந்து இந்த இரண்டாலும் பிரயோஜனம் இல்லை. முன் சக்கரங்கள் இஷ்டத்துக்கு உருளும். ஒரு பக்கம் மட்டும்தானே தூக்குகிறோம் என்று கியரை நம்புவதும் தப்பு. ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் இருந்தால், டிஃபரென்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கும் பல்சக்கரத் தொகுப்பு) அதை ஒரு திசையில் சுற்றவிட்டு, தரையில் இருப்பதை எதிர்த்திசையில் உருளவிடும். ஆகவே வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரத்தின் கட்டைகள் மட்டுமே. இரண்டு முன் சக்கரத்துக்கும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக, ஆப்பு வடிவக் கட்டையை டயரோடு ஒட்ட இறுக்கி வையுங்கள். உருண்டைக் கல் உதவாது.

ஹேண்ட் பிரேக்கையும் போட்டு, கியரிலும் விட்டு, சாவியை எடுத்து உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றும் வேலை என்றால், வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள்.

தூக்குவது

பல பிக்கப்களில் ஸ்டெப்னி பின்னால் அடியில் தொங்கும். ஜாக்கி போகும் வழியை அது மறைத்தால் முதலில் அதை இறக்குங்கள். அப்புறம் மேனுவலைப் பாருங்கள்; ஜாக்கி வைக்கும் இடத்தைப் படமே போட்டிருப்பார்கள். ஹவுசிங்கில் (பின் ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்புக் கூட்டில்) வைக்கலாம் என்றிருந்தால், நடுவில் உருண்டையாக இருக்கும் பகுதிக்கு நேர் கீழே ஜாக்கியின் தலையை வையுங்கள். பின்னால் போல்ட் போட்டு மூடியிருக்கும் தகட்டில் தலை படக்கூடாது. தகடு நசுங்கி ஆயில் ஒழுகும். ஹவுசிங் வேண்டாம் என்று மேனுவல் சொன்னால், அது காட்டும் இடத்தில் ஒவ்வொரு பக்கமாகத் தூக்குங்கள்.

கைப்பிடியை நிதானமாக அடியுங்கள். ட்ராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வளைவாக எழும்பும். அதற்கு ஈடுகொடுத்து ஜாக்கியே தரையில் கொஞ்சம் உருள வேண்டும். ஒரு சின்ன ஜல்லி அதன் சக்கரத்தைத் தடுத்தாலும், வண்டி ஜாக்கியின் தலையிலிருந்து நழுவ ஆரம்பிக்கும். அதனால் ஜாக்கிக்குக் கீழே முதலிலேயே பெருக்கிவிடுங்கள். கைப்பிடியை நான்கைந்து முறை அடித்ததும் நிறுத்தி, தலை நடுவில்தான் இருக்கிறதா, கட்டை நகர்ந்ததா என்று பாருங்கள்.

ஸ்டாண்டில் உட்காரவைப்பது

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். உள்ளே ஒரு ரப்பர் சீல் போனால் எண்ணெய் கசிந்து வண்டி இறங்கிவிடும். ஸ்டாண்டு பாரத்தை வாங்கும்வரை தலையோ தோளோ அடியில் போகக்கூடாது. பக்கவாட்டில் இருந்தபடி, ஸ்டாண்டின் காலைப் பிடித்துத் தள்ளி வையுங்கள்.

வைக்கும் இடம் ஆக்ஸில் குழாய், பட்டை உட்காரும் இடத்துக்குச் சற்று உள்பக்கம். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் தடிமன்கூட இல்லாத பிரேக் பைப் ஒன்று குழாயை ஒட்டியே ஓடும். அதன்மேல் ஸ்டாண்டு உட்கார்ந்தால் பைப் நசுங்கிவிடும், அப்புறம் ரோட்டில் பிரேக் இருக்காது. இரண்டு ஸ்டாண்டையும், நடுத் தண்டில் உயரத்துக்காக வெட்டியிருக்கும் பல்லை எண்ணி, ஒரே உயரத்தில் வையுங்கள்.

பல் பூட்டு நன்றாக விழுந்ததா என்று கையால் அழுத்திப் பாருங்கள். 2020-ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. பல்லில் பூட்டு முழுதாகப் பிடிக்காமல், பாரத்தோடு திடீரென்று இறங்கக்கூடும் என்பதுதான் காரணம். குறுக்கே ஊசி செருகும் மாதிரி கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பேன்.

இப்போது ஜாக்கியின் வால்வை மெல்லத் திருகி, இரண்டு ஸ்டாண்டும் பாரத்தை வாங்கும்வரை இறக்குங்கள். நான்கு காலும் தரையில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கியை வெளியே எடுக்காமல், ஹவுசிங்கைத் தொட்டும் தொடாமலும் அப்படியே விட்டுவையுங்கள். பிறகு வெளியே நின்றபடி, லோடு ஏற்றும் தொட்டியைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஆடாமல் நின்றால், கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப்போட்டுவிட்டு உள்ளே போகலாம். நீங்கள் அடியில் இருக்கும்போது வண்டிக்குள் யாரும் ஏறக்கூடாது.

இறக்குவது

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக ஒரு பிடி இறுக்குங்கள். சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, ஜாக்கியை இரண்டு செ.மீ. ஏற்றி ஸ்டாண்டுகளை உருவுங்கள். வால்வைச் சட்டென்று திறந்தால் வண்டி தொப்பென்று விழும். கால் சுற்றுக்கும் குறைவாகவே திருகுங்கள். டயர் தரையில் முழுதாக உட்கார்ந்ததும் நட்டுகளைக் கடைசியாக இறுக்கி, அதற்கப்புறம்தான் கட்டைகளை எடுக்க வேண்டும். சக்கரம் கழற்றியிருந்தால், 50 கி.மீ. ஓடியதும் ஓரமாக நிறுத்தி நட்டுகளில் இன்னொரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.