மீன் குட்டையில் ஏரேட்டர்: எப்போது ஓட்டுவது, எங்கே நிறுத்துவது

ஆக்சிஜன் பற்றாக்குறையால் குட்டையில் மீன் சாவது பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்புதான். பகலில் பாசி ஆக்சிஜன் தரும். இரவில் பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். எனவே தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரமான ஏரேட்டரின் குதிரைத்திறனைவிட, அதை ஓடவிடும் நேரம்தான் முக்கியம்.

மாலை 6 மணிக்கு ஆக்சிஜன் மீட்டரை, ஏரேட்டருக்குத் தொலைவான மூலையில், குட்டையின் அடித்தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பிடித்து அளவெடுங்கள். 9 மணிக்கு அதே இடத்தில் மறுபடியும். லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருந்தது 7.2 ஆகியிருந்தால் மணிக்கு 0.6 குறைகிறது. இதே வேகத்தில் போனால் காலை 6 மணிக்கு 1.8தான் மிஞ்சும், கெண்டை வாயைப் பிளந்து மேலே வந்துவிடும். அதிகாலை இரண்டரை மணிக்குள்ளேயே 4க்குக் கீழே இறங்கியிருக்கும். நள்ளிரவுக்கு முன்பே, 5க்கு மேல் இருக்கும்போதே ஓட்டத் தொடங்கிவிட வேண்டும்.

மீன் மேலே வந்த பிறகு ஓட்டினால் ஏன் தாமதம்? ஒரு ஏக்கர் குட்டை, ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் சுமார் 6000 கன மீட்டர் தண்ணீர். அதில் ஆக்சிஜனை லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்தவே 6 கிலோ வேண்டும். 2 எச்.பி. துடுப்புச் சக்கர ஏரேட்டர் நடைமுறையில் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் சேர்க்கும். அதற்குள் குட்டை அதைவிட வேகமாகச் செலவழித்துவிடும். முன்கூட்டியே ஓட்டுவது சரிவின் வேகத்தைக் குறைக்கத்தான்.

பிற்பகலில் ஓட்டுவதில் பெரிய லாபமில்லை. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் தாங்கும் நிறைவளவு லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம். பச்சைத் தண்ணீரில் வெயில் நேரத்து அளவு அதைத் தாண்டினால், ஏரேட்டர் ஆக்சிஜனைக் காற்றுக்கு விரட்டிவிடும். ஆழமான குட்டையில் மேல்நீரையும் அடிநீரையும் கலக்க நண்பகலில் ஒரு மணி நேரம் ஓட்டுவது மட்டும் பயன் தரும். மேகமூட்டமான நாட்களிலும், பச்சையாக இருந்த தண்ணீர் திடீரெனத் தெளிந்து பாசி செத்த நாட்களிலும் பகலிலும் ஓடட்டும்.

ஏரேட்டர்களைக் கரையிலிருந்து 4, 5 மீட்டர் தள்ளி, எதிரெதிர் மூலைகளில் நிறுத்தி, நீர் ஒரே திசையில் சுற்றும்படி திருப்புங்கள். கழிவு நடுவில் சேரும். தீவனத்தை அங்கே போடாதீர்கள். துடுப்பு 10 சென்டிமீட்டர் அளவுக்கு மூழ்கினால் போதும். அதிகம் மூழ்கினால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும், கியர்பாக்ஸ் தேயும். குறைந்தால் தெறிப்பு வலுவிழக்கும். ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் சேற்றைக் கிளறிவிடும். அந்தச் சேறே ஆக்சிஜனைத் தின்னும். நீளமான கேபிள் மெலிதாக இருந்தால் மின்னழுத்தம் சரிந்து மோட்டார் எரியும். சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். மெயினை அணைக்காமல் ஏரேட்டர் அருகே தண்ணீரில் இறங்கவே கூடாது.

மின்சாரம் போய், மீன் மேலே வந்துவிட்டதா? டீசல் பம்பில் குட்டை நீரையே உறிஞ்சி உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. அதையும் தெளித்தே விடுங்கள். தீவனத்தை உடனே நிறுத்துங்கள். விடியற்கால அளவு மீண்டும் 4க்கு மேல் நிற்கும் வரை தொடங்க வேண்டாம்.