எக்ஸ்பல்ஸ் 200ஆ, 200டீயா? எடுக்க முதல் செய்யக்கூடாத தவறுகள்

ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக்ல 200 எடுக்கிறதா 200டீ எடுக்கிறதா எண்டு மாசத்துக்கு ஒராளாவது என்னட்ட கேக்குறாங்க. முக்கால்வாசிப் பேர் கேக்குற விதத்துலயே விளங்கும், படத்தப் பாத்து மனசுக்குள்ள முடிவெடுத்துட்டு நான் ஓம் எண்டு சொல்லத்தான் காத்துட்டு இருக்காங்க எண்டு. நானும் அப்பிடித்தான் 200 எடுத்தன், எடுத்து ரெண்டு வருசம் கொழும்புல ஓடினாப் பிறகுதான் எதைப் பாத்திருக்க வேணும் எண்டு தெரிஞ்சிச்சு. அதனாலதான் இவ்வளவு விலாவாரியாச் சொல்றன்.

முதல் பிழை, எஞ்சினை வச்சு ரெண்டையும் ஒப்பிட்டுட்டு இருக்கிறது. ரெண்டும் 2019 மே மாசம் இந்தியாவுல ஒண்டா வெளிவந்த பைக், ரெண்டுலயும் அதே 199.6 சிசி எஞ்சின், அதே 13 லீட்டர் டேங்க், பிரேக் போடேக்க சில்லு லொக் ஆகாமத் தடுக்கிற ஏபிஎஸ் ரெண்டுலயும் முன்சில்லுக்கு மட்டும்தான். இதுல எதுக்கு பிக்கப் கூட எண்டு நாள்கணக்கா வீடியோ பாக்குறதுல ஒரு பிரயோசனமும் இல்ல. எங்கட நாட்டுல மோட்டார் சைக்கிள எக்ஸ்பிரஸ்வேல ஏற விடவே மாட்டாங்க, ஊருக்கு வெளியில சட்டப்படி ஓடக்கூடிய வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர்தான், நீங்க யாழ்ப்பாணம் போனாலும் மட்டக்களப்பு போனாலும் பஸ்ஸுக்கும் லொறிக்கும் பின்னால அந்த வேகத்துலதான் போகப் போறீங்க. லீட்டருக்கு 35 எண்டு குறைச்சு வச்சாலும் ஒரு டேங்குக்கு 450 கிலோமீட்டர் வரும், அதுலயும் வித்தியாசம் இல்ல. வித்தியாசம் எல்லாம் கீழதான் இருக்கு: சில்லு, சீட், சைலன்சர்.

சில்லுதான் பெரிய விசயம். 200க்கு முன்னுக்கு 21 இஞ்சி பின்னுக்கு 18 இஞ்சி, ரெண்டும் ஸ்போக்ஸ் வச்சு உள்ள டியூப் போட்டது. டீக்கு ரெண்டும் 17 இஞ்சி அலோய் வீல், டியூப்லெஸ். ஸ்போக்ஸ்தான் டூருக்கு நல்லம் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, மீமுரே மாதிரி கல்லு ரோட்டுல இறங்குறவருக்கு அது நூறு வீதம் உண்மை, பெரிய சில்லு குழிக்குள்ள விழாம உருண்டு போகும். ஆனா தார் ரோட்டுல பஞ்சர் ஆனா என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் சொல்றதில்ல. நான் ஒருக்கா யாழ்ப்பாணம் போகேக்க புத்தளம் தாண்டி நொச்சியாகமக்கு முன்னால பின் டயர்ல ஆணி ஏறிட்டு, பின்னேரம் நாலரை இருக்கும், அந்தப் பக்கம் வில்பத்து காடு, இருட்டினா யானை வாற ரோடு. டியூப் டயர் எண்டா பெரும்பாலும் சில்லக் கழட்டத்தான் வேணும். என்ட பைக்குக்கு டபுள் ஸ்டாண்டும் இல்ல, எஞ்சினுக்குக் கீழ இருக்கிற தகட்டுக்கு அடியில ஒரு தென்னங்குத்தியத் தள்ளி நிமித்தி, அக்சில கழட்டி, டயர் லீவரால விளிம்ப நெம்பி, புது டியூபப் போட்டுத் திரும்பப் பூட்டேக்க அதையும் லீவரால நசிச்சு ஓட்டையாக்கிட்டன். கடைசியில சில்ல மட்டும் ஒரு ஓட்டோவுல ஏத்திக்கொண்டு போய் ஒட்டிட்டு வரேக்க ரெண்டரை மணித்தியாலம் போயிட்டு. அதே ஆணி டியூப்லெஸ் டயர்ல ஏறியிருந்தா சில்லு பைக்கிலயே இருக்க, ஆணியப் புடுங்கி, ரப்பர் திரிய ஊசியால குத்தி ஏத்தி, காத்தடிச்சுட்டுப் போயிருப்பன், பத்து நிமிசம். அதனால 200 எடுக்கிறீங்க எண்டா சில்லு கழட்டுற சாவி, லீவர் மூண்டு, டியூப் ரெண்டு பையில இருக்க வேணும், அதோட வீட்டு முத்தத்துல ஒருக்காவாவது கழட்டிப் பூட்டிப் பழகியிருக்க வேணும். பழைய ஹொண்டா பாஜாவும் எக்ஸ்எல்ஆரும் ஓடுற நாடு எண்டபடியா 21 இஞ்சி டயர் இங்க புதுசில்ல, ஆனா வழியில இருக்கிற சின்ன டவுன்ல தேடினா 17 இஞ்சிதான் முதல்ல கைக்கு வரும்.

அடுத்தது சீட். 200ல சீட் உயரம் 823 மிமீ, டீயில 799. 24 மிமீ என்ன பெரிய கணக்கு எண்டு நினைப்பீங்க, ரெண்டு விரல் அகலம் கூட இல்ல. வெள்ளவத்தையில ஆபீஸ் விடுற நேரம் காலி வீதியில நிண்டு நிண்டு போகேக்க, பின்னால மனுசி இருந்து, டேங்க்ல பை தொங்கி, ரோட்டோரம் சரிவா இருக்கேக்க, அந்த 24 மிமீதான் நீங்க பாதத்தால நிக்கிறீங்களா கால் விரலால நிக்கிறீங்களா எண்டத முடிவு செய்யும். ஷோரூமுக்குத் தனியப் போய் சமதரையில இருந்து பாத்துட்டு கால் எட்டுது எண்டு எடுக்கிறது சரியான பிழை. பின்னால ஆர் இருக்கப் போறாங்களோ அவங்களக் கூட்டிட்டுப் போங்க, ஏற விடுங்க, இறங்க விடுங்க. என்ட கூட்டாளி ஒருத்தன் 200க்கு அட்வான்ஸ் கட்ட ரெடியா நிண்டான், அவன்ட மனுசி சேலையோட ஏறிப் பாத்துட்டு, "இதுல நான் கதிர்காமம் வரமாட்டன், நீங்க தனியப் போங்க" எண்டு ஒரே சொல்லா சொல்லிட்டா. அட்வான்ஸ் கட்டாம திரும்பி வந்தான்.

சைலன்சர் விசயம் சின்னது, ஆனா காசு போகும். 200ல அது வலது பக்கம் மேல தூக்கி வச்சிருக்கு, தண்ணியில இறங்க நல்லம், ஆனா சைட் பேக் சும்மா தொங்கவிட்டா முட்டிக்கொண்டு நிக்கும். எனக்கு மழைக்கோட்டும் பையின்ட அடிப்பக்கமும் சேந்து உருகி சைலன்சர்லயே ஒட்டிப் பிடிச்சிட்டு, சுரண்டி எடுக்கத்தான் ஏலும். பை முட்டாமத் தாங்குற கம்பி ஸ்டே ஒண்டு அடிச்சுப் பூட்டுற செலவையும் விலையோட சேத்துப் பாருங்க. டீயில சைலன்சர் கீழ போகுது, இந்தப் பிரச்சினை குறைவு.

பழைய பைக் எடுக்கிறவங்க பேரை மட்டும் பாத்து ஏமாறக்கூடாது. 2019ல வந்த 2 வால்வு எஞ்சின் வேற, 2021ல வந்த 4 வால்வு வேற, 4 வால்வுல புரோ எண்டு ஒண்டு இருக்கு, அதுக்கு சீட் 891 மிமீ. மூண்டையும் சும்மா எக்ஸ்பல்ஸ் எண்டுதான் விளம்பரத்துல போடுவாங்க. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தாங்க எண்டபடியா இடையில கைமாறின பைக்குகள்ல பார்ட்ஸ் மாத்திப் பூட்டினதும் இருக்கலாம். சிஆர் எண்டு சொல்ற வாகனப் பதிவுப் புத்தகத்துல இருக்கிற எஞ்சின் நம்பரையும் சேசி நம்பரையும் டோர்ச் அடிச்சு பைக்கில நேராப் பாருங்க. காசு குடுக்க முதல் ஒரு சனிக்கிழமை கொழும்புல பார்ட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய், நீங்க எடுக்கப் போற அதே வகைக்குக் கிளச் கேபிள், பிரேக் பேட், முன் டயர் மூண்டும் இருக்கா எண்டு நாலு கடையில கேளுங்க. மூண்டு கடையில இல்ல எண்டா மற்ற வகைக்கு அதே மூண்டையும் கேட்டுட்டு வீட்ட வாங்க.