கண்ணாடிப் பொருளைக் கண் எப்படித் தேடுகிறது: நாமே சோதித்துப் பார்ப்பது எப்படி?

கெட்டியான பொருள்களுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடிப் பொருள் இருந்தால் பார்வை நேரே அங்கே போய் நிற்குமா, இல்லை ஒவ்வொன்றாகத் துழாவித்தான் பிடிக்குமா? நிறம் மாதிரி எளிய பண்பு சட்டென்று கண்ணை இழுக்கும், பண்புகளின் சேர்க்கையைத் தேடக் கவனம் ஒவ்வொன்றாக நகர வேண்டும் என்று உளவியலாளர்கள் ஆன் டிரைஸ்மனும் கேரி கெலேடும் 1980-இல் சொன்னார்கள். ஒளி ஊடுருவுவது இதில் எந்தப் பக்கம் என்பதை ஒரு மடிக்கணினியை வைத்தே பார்த்துவிடலாம்.

முப்பரிமாணப் படம் செய்ய ப்ளெண்டர், அதைக் காட்டிப் பதில் நேரத்தை அளக்கும் சோதனைக்கு சைக்கோபை என்று இரண்டு மென்பொருள்கள். இரண்டும் இலவசம், நிறுவுவது சுலபம். காட்சியைப் படமாக மாற்றும் வேலைக்கு, அதாவது ரெண்டருக்கு, ப்ளெண்டரில் உள்ள சைக்கிள்ஸ்தான் வேண்டும். ஒளி விலகல் விஷயத்தில் அதிலுள்ள இன்னொரு ரெண்டர் முறையான ஈவீயை நான் நம்புவதில்லை.

தரைக்குச் சாம்பல் கட்டங்கள் போடுங்கள், வெறும் தரையில் கண்ணாடி வளைத்துக் காட்ட எதுவும் இருக்காது. எல்லாப் பொருளுக்கும் ஒரே வடிவம், ஒரே வகை மெட்டீரியல், ஒரே ரஃப்னஸ் (சொரசொரப்பு). டிரான்ஸ்மிஷன் (ஒளியை ஊடுருவ விடும் அளவு) மட்டும் ஒன்றுக்கு 1, மற்றவற்றுக்கு 0.

இனிமேல்தான் நிதானம் தேவை. தரையில் சிதறிய கண்ணாடித் துண்டைத் தேடும்போது நாம் கண்ணாடியையா தேடுகிறோம்? மினுக்கைத்தான் தேடுகிறோம். படத்திலும் அதேதான் நடக்கும்: கண்ணாடி மட்டும் பளிச்சென்றோ வெளிறியோ இருந்தால் நீங்கள் அளப்பது வெளிச்ச வேறுபாட்டை, ஊடுருவலை இல்லை. அதனால் கெட்டிப் பொருள்களுக்குக் கண்ணாடியைவிட வெளிறியதும் கருத்ததுமாகப் பல சாம்பல்களைக் கலந்து கொடுங்கள், கண்ணாடிக்கும் படத்துக்குப் படம் லேசாகச் சாயம் மாற்றுங்கள், விளக்கையும் இடம் மாற்றுங்கள். கண்ணாடியின் நிழலுக்குள் விழும் ஒளித்திட்டையும் கவனியுங்கள், அதுவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், கண்ணாடியை வெட்டி எடுத்து வேறு பின்னணியில் ஒட்டவே கூடாது. பழைய தரையின் கட்டங்கள் அதற்குள்ளேயே தங்கிவிடும். காட்சி முழுவதையும் ஒவ்வொரு முறையும் ரெண்டர் செய்யுங்கள், பொருள்களை இடம் மாற்ற ப்ளெண்டருக்குள்ளேயே பைத்தான் நிரல்மொழி இருக்கிறது.

சைக்கோபையில், நிரல் எழுதாமலே சோதனையை அமைக்கும் பில்டர் போதும். படத்துக்கு 4, 8, 12 பொருள்கள். பாதிப் படங்களில் இலக்கு இருக்கும், பாதியில் இருக்காது. இருந்தால் ஒரு விசை, இல்லையென்றால் இன்னொன்று. கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு கெட்டிப் பொருளைத் தேடும் சுற்றையும் சேருங்கள், இரண்டும் ஒரே வேகத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரியான பதில்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் இடைநிலை நேரம் பாருங்கள். 4 பொருளுக்கு 640 மில்லி விநாடி, 12 பொருளுக்கு 800 என்று வந்தால், 160-ஐ 8-ஆல் வகுக்க, பொருளுக்கு 20. ஒரு பொருள் கூடும்போது கூடும் இந்த நேரம், அதாவது சரிவுதான் விடை. சுழியை ஒட்டி வந்தால் கண் நேரே போகிறது. 20, 30 என்று ஏறினால் துழாவுகிறது. நடுவில் கிடக்கும் எண்களை உளவியலாளர் ஜெரமி உல்ஃபின் ‘வழிகாட்டப்பட்ட தேடல்’ என்ற கோட்பாடு நன்றாக விளக்குகிறது: பண்பு கவனத்துக்குத் திசை காட்டும், ஆனால் முழுதாகக் கொண்டுபோய் நிறுத்தாது.

பின்சேர்க்கை: செய்து பார்த்த ஒருவருக்குச் சரிவு நம்பமுடியாத அளவு தட்டையாக வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணாடிக்குள் மட்டும் மணல் தூவியதுபோல் புள்ளிகள். சாம்பிள் (படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகள்) குறைவானால் சைக்கிள்ஸ் இப்படித்தான் செய்யும். சாம்பிளைக் கூட்டி, புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸைப் போட்டு, எல்லாப் படத்தையும் மறுபடி ரெண்டர் செய்யுங்கள்.

இன்னொருவருக்குச் சரிவு சிறியதுதான், ஆனால் 4 பொருளுக்கே ஒரு விநாடியைத் தாண்டியது. அது தேடும் நேரம் அல்ல, கண்டதைக் கண்ணாடிதான் என்று உறுதிசெய்யும் நேரம். பொருளைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.